ரெண்டாவது கன்ட்ரோலர்

என் புருஷன் அரவிந்தனுக்கு யாரையாவது முட்டாளாக்கிப் பார்த்தால்தான் சோறு இறங்கும். கல்யாணமான புதிதில் உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி வைத்து, நான் இந்த வீட்டில் வைத்த முதல் சாம்பாரைக் கெடுத்தவர். மாமனார் துரைக்கண்ணு ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு வீடே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், புதுப்பெண் வேறு என்ன செய்ய முடியும்? சிங்கப்பூரில் வேலை போய் ஊர் திரும்பிய பிறகு அந்தக் குணத்துக்குத் துணையாக ஒரு யூடியூப் சேனலும் சேர்ந்துகொண்டது.

சேனலுக்குப் ‘பழைய கேசட்’ என்று பெயர். சின்ன வயதில் டிவியில் சொருகி ஆடிய வீடியோ கேம்களைப் பற்றி உட்கார்ந்து பேசுவார். மொபைலைப் பிடித்துப் படம் எடுப்பது நான். கை வலிக்கிறது என்றால், “சும்மா நிக்கிறதுக்கு என்ன வலி?” என்பார்.

ரொம்ப நாளாக அவர் எடுக்க நினைத்திருந்தது பூச்சி கேம் பற்றிய வீடியோ. அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு, எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் என் வாயில் அது நிற்கவில்லை. காசு போட்டு ஆடுகிற பெரிய மெஷினுக்காக ஜப்பான்காரன் செய்த ஆட்டம், பிறகு வீட்டு டிவிக்குக் கேசட்டாக வந்ததாம். கீழே ஒரு ப்ளேன். மேலே வரிசை வரிசையாக வண்டுகள். அவை வரிசையை விட்டுப் பிரிந்து வளைந்து வளைந்து கீழே பாயும், நாம் சுட வேண்டும். குடவாசல் பக்கத்தில் இருக்கிற இந்த ஊர்ப் பையன்கள் விண்வெளி, வேற்றுக்கிரகம் என்றெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது வயல். நீல வண்டு புகையான், சிவப்பு தத்துப்பூச்சி, மேல்வரிசையில் கொம்போடு நிற்கிற பெரிசு ஆனைக்கொம்பன். சுடுவதற்கு மருந்து அடிக்கிறது என்று பெயர். “டேய், ஆனைக்கொம்பன் இறங்குறான், மருந்து அடி, மருந்து அடி” என்று இந்த வீட்டில் கூச்சல் கேட்காத சாயங்காலமே கிடையாதாம். நான் பேராவூரணிக்காரி, எங்களுக்குத் தென்னை மட்டும்தான் தெரியும். நெல்லுக்கு வருகிற பூச்சிகளின் பெயரையே நான் இந்த டிவி கேம் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன்.

சிங்கப்பூரில் ஒரு கடையில் அசல் மெஷினை முதல் தடவை பார்த்தபோது அவர் அதை டூப்ளிகேட் என்று நினைத்தாராம். திரை நெட்டுக்குத்தாக நின்றது, வண்டுகள் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருந்தன, சத்தம் கனமாக வந்தது. நம் வீட்டுக் கேசட்டில் எல்லாம் அமுங்கிக் குட்டையாக இருக்கும், டிவி அகலவாட்டில் இருப்பதால். “நாம பாத்ததுதான் நமக்கு அசல், இது எவனோ பெரிசு பண்ணி வித்துட்டான்னு கோவமே வந்துச்சு” என்று சொல்லுவார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் நன்றாகத்தான் பேசுவார், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். இன்னொரு வித்தியாசமும் சொன்னார். மெஷினில் யாரும் காசு போடாதபோது ஆள் பிடிப்பதற்காக ஆட்டம் தானாகவே ஓடிக் காட்டும், அப்போது ஆட்டம் முடிந்தது என்று திரையின் குறுக்கே எழுத்து நிற்கும். வீட்டுக் கேசட்டிலும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தாமல் விட்டால் அது பாட்டுக்கு ஓடும், ஆனால் அந்த எழுத்து வராது. பார்க்கிறவனுக்கு யாரோ ஆடுகிற மாதிரியேதான் இருக்கும். நான் அப்போது மொபைலில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததால் இதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

இந்த வீடியோவுக்கு வளவன் வருவதாக ஏற்பாடு. வளவனின் அப்பா செல்லதுரை இந்த வீட்டு நிலத்தில் வேலை பார்த்தவர், மருந்து அடிப்பதென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். மகன் படித்து, சென்னையில் மொபைல் கேம் செய்கிற ஒரு கம்பெனியில் பெரிய இடத்தில் இருக்கிறார். அவர் ஏதோ பேட்டியில், “என் கையில முதன்முதலா கன்ட்ரோலரக் குடுத்தது எங்க ஊர்ல ஒரு அண்ணன். ஜன்னல் கம்பி வழியா நீட்டினாரு. என் வாழ்க்கை அங்கதான் ஆரம்பிச்சுது” என்று சொல்லியிருந்தார். என் புருஷன் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அப்புறம் நம்பர் வாங்கி, “வாடா வளவா, நம்ம வீட்டுலயே எடுப்போம். அம்மாவையும் கூட்டிட்டு வா, நல்லா இருக்கும்” என்று கூப்பிட்டுவிட்டார்.

“ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கேன்” என்றார் என்னிடம். வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சொன்னார். உப்பு டப்பா நாளிலிருந்து எனக்கு அந்த வாயைத் தெரியும்.

வளவன் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, லேசாக நரைத்த காது ஓரம், பேச்சில் அவ்வளவு மரியாதை. பின்சீட்டிலிருந்து அவருடைய அம்மா ரெங்கம்மாள் இறங்கியது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் நிமிர்ந்து நடந்தது. “உள்ள வாங்கம்மா” என்று கூப்பிட்டேன்.

“இருக்கட்டும்மா. இங்கயே காத்தா இருக்கு” என்று சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் நின்றது. ஓர் இலை ஆடவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அங்கேயிருந்து வயல் தெரியும், எங்கள் ஹால் ஜன்னலும் தெரியும்.

குடவாசல் ஹாஜா மைதீன் கடையில் கிடந்த பழைய பெட்டி டிவி ஒன்றை வாங்கி வந்து, அதற்கும் கேம் செட்டுக்கும் என் புருஷன் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார். நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது வளவன் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வீடியோவுக்காக இல்ல, எனக்காக. உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டா நல்லதுன்னு தோணுச்சு.”

“சொல்லுங்க.”

“எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். இந்த வீட்டில் அதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

“அதோ, கொல்லைக்கு அந்தாண்ட இருக்குதே, பெரிய வயல். அதுலதான் மருந்து அடிச்சாரு. எதிர்க்காத்து. மூஞ்சில ஒரு துண்டு, அவ்ளோதான். வரப்புல விழுந்துட்டாரு. அம்மா பக்கத்துல களை பறிச்சுக்கிட்டு இருந்தவங்க ஓடிப் போயி மடியில போட்டுக்கிட்டாங்க. இங்க ஆள் அனுப்பிச்சதுக்கு உங்க மாமனாரு ஒரு சொம்பு மோர் குடுத்து அனுப்பினாராம்.” டீ டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. “அப்பா என்னைத்தான் கேட்டிருக்காரு. தம்பி எங்க, தம்பி எங்கன்னு. காளியம்மா அத்தைய அனுப்பினாங்க என்னைக் கூட்டியார. நான் உங்க ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். கன்ட்ரோலர் கையில இருந்துச்சு.”

நான் அடுப்பை அணைத்தேன்.

“அத்தை வந்து, ‘அப்பா கூப்புடுறாருடா, வா’ன்னு மட்டுந்தான் சொன்னாங்க. விழுந்துட்டாருன்னோ, வாயில நுரை தள்ளுதுன்னோ சொல்லல. சின்னப் புள்ள பயந்துடும்னு நெனச்சாங்களோ என்னமோ. நான், ‘இந்த ப்ளேன் செத்ததும் வர்றேன் அத்தை’ன்னேன். அது செத்தா இன்னொண்ணு வந்துச்சுக்கா. அதுவும் செத்தா, மறுபடி புதுசா வந்துச்சு. அன்னைக்கு நான் அவ்ளோ நல்லா ஆடுறேன்னு நெனச்சேன். நான் போறப்ப அப்பா போயிட்டாரு.”

“உங்கம்மா?”

“அத்தைகிட்ட அம்மா கேட்டிருக்காங்க. பழி தம்மேல வருமோன்னு பயந்துக்கிட்டு, ‘எல்லாத்தையும் சொன்னேன், அவந்தான் ஆட்டத்த விட்டு வரமாட்டேன்னுட்டான்’னு அத்தை சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து அம்மா எங்கூட ஒரு வார்த்தைக்கு ரெண்டு வார்த்தை பேசினதில்ல. வீடு கட்டிக் குடுத்தேன், இருக்காங்க. சோறு போடுறாங்க. பேச மாட்டாங்க. அத்தையும் செத்துப் போயிட்டாங்க. அன்னைக்கு அந்த ரூம்ல இருந்த ஒரே ஆளு அண்ணந்தான். அத்தை என்ன சொன்னாங்கன்னு அம்மா காதுபட அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்க்கா. நான் தெரிஞ்சுக்கிட்டே நிக்கலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். அதுக்குத்தான் வந்தேன்.”

“சொல்லுவாருங்க, கண்டிப்பா சொல்லுவாரு” என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

ஹாலுக்குப் போய் என் புருஷனைத் தனியாக இழுத்து விஷயத்தைச் சொன்னேன். “வீடியோ அப்பறம் எடுக்கலாம். முதல்ல அவரு கேக்குறதுக்குப் பதில் சொல்லிடுங்க.”

“கேமரா ஓடும்போதே கேக்கட்டுமே. எமோஷன் வந்தா நல்லாத்தான இருக்கும்.”

“அவங்க அப்பா செத்த விஷயம்ங்க இது.”

“செல்லதுரையா? அது எப்பவோ போன ஆளு. நீ போயி வெளிச்சம் சரியா இருக்கான்னு பாரு.”

அந்த நிமிஷமே நான் மொபைலைக் கீழே வைத்திருக்க வேண்டும். படம் எடுக்க மாட்டேன் என்று சொன்னால் மூன்று நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், அந்த ரோதனைக்குப் பயந்து வெளிச்சம் பார்க்கப் போனேன்.

வளவன் அந்தக் காலத்தில் நின்ற அதே இடத்தில், ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று என் புருஷன் சொல்லிவிட்டார். அவரும் சங்கடமாகச் சிரித்துக்கொண்டே போய் நின்றார். சின்ன வயதில் எக்கி நின்ற ஜன்னலுக்கு இப்போது குனிய வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் நாற்காலியில் ரெங்கம்மாள் வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் புருஷன் உள்ளே டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு, மெஷின், கேசட், அசல், டூப்ளிகேட் என்று தன் பேச்சையெல்லாம் பேசி முடித்தார். அப்புறம் ரெண்டாவது கன்ட்ரோலரை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார்.

“இந்தாடா வளவா. ஆனைக்கொம்பன் இறங்குறான் பாரு. மருந்து அடி.”

மருந்து என்றதும் வளவனின் முகம் ஒரு கணம் சுண்டிப் போனதை மொபைல் திரையில் பார்த்தேன். வாங்கிக்கொண்டார். டிவியில் ப்ளேன் ஏற்கெனவே இடமும் வலமும் ஓடிச் சுட்டுக்கொண்டிருந்தது. அவர் பட்டனை அழுத்தினார். இடது பக்கம் அழுத்தினார், ப்ளேன் வலது பக்கம் போனது. மறுபடி அழுத்திப் பார்த்தார்.

“அண்ணா, கன்ட்ரோலர் வேலை செய்யல போலயே.”

என் புருஷன் இதற்காகத்தானே காத்திருந்தார். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அன்னைக்கும் இப்படித்தான்டா! டெமோடா அது. அது பாட்டுக்கு ஓடும். நாங்க ஆடி முடிச்சதும் டெமோவுல விட்டுட்டு ஒன் கையில இதக் குடுத்துருவோம். நீ நாக்கத் துருத்திக்கிட்டு தட்டு தட்டுன்னு தட்டுவ. நான் இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு சிரிப்ப அடக்க முடியாம தலகாணிய கடிச்சுக்கிட்டு கெடப்பேன். பெரிய கேம் கம்பெனியில இருக்க, இன்னமும் கண்டுபுடிக்கலையாடா நீ?”

வளவன் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டாவதுல ஸ்டார்ட் பட்டனே கிடையாதுல்ல” என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. “என்ன அமுக்கினாலும் டெமோ கலையாது.” கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். “தம்பிக்கு ஒயர் இல்லாத கன்ட்ரோலர் குடுத்து ஏமாத்தின கதைய எங்க ஆபீஸ்ல எவ்ளோ பேரு சொல்லியிருக்காங்க. நான் சிரிச்சிருக்கேன்.”

“சிரிக்கத்தான்டா வேணும்!”

“அன்னைக்கும் இதேதானாண்ணா?”

“என்னைக்கு?”

“அப்பா செத்த அன்னைக்கு. காளியம்மா அத்தை வந்து என்னைக் கூப்பிட்டாங்களே.”

என் புருஷனின் வாயில் சிரிப்பு இன்னும் பாதி மிச்சம் இருந்தது. “எல்லா நாளும் இதேதான்டா. ஒனக்கு ஒரு நாளும் நெசமாக் குடுத்ததே இல்லையே.”

வளவன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்க வந்தது இது இல்லை, இருந்தாலும் கேட்க வந்ததையும் விடாமல் கேட்டார். “அத்தை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு ஞாபகம் இருக்காண்ணா? ‘அப்பா கூப்புடுறாரு’ன்னு மட்டுந்தான சொன்னாங்க? விழுந்துட்டாருன்னு சொல்லலல்ல?”

“காளியம்மா வந்துச்சா என்ன? யாராவது ஒருத்தர் வந்துக்கிட்டேதானடா இருப்பீங்க. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?”

“ஒரு வார்த்தைண்ணா. அம்மா இங்கதான் இருக்காங்க.”

“ஞாபகம் இல்லாததை எப்படிடா சொல்றது? அது பொய்யாயிடாதா?”

ஊரையே ஏமாற்றிச் சிரிக்கிற மனுஷனுக்கு அன்றைக்குப் பார்த்து உண்மை மேல் அக்கறை வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆமான்னு சொல்லித் தொலைங்களேன்” என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது பதிவிலேயே விழுந்திருக்கும். அவர் என்னை முறைத்தார்.

அப்போது ரெங்கம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்கு வந்தது. மகனைப் பார்க்கவில்லை. கம்பி வழியாக நேராக என் புருஷனைப் பார்த்தது.

“ஏம்ப்பா, அப்ப எம்புள்ள வெளையாடவே இல்லையா?”

முன்பெல்லாம் சின்னய்யா என்று கூப்பிடுமாம், என் புருஷன் பிற்பாடு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்த நேரத்தில், “சும்மா தமாசுக்குங்க, சின்னப் பசங்கதான” என்று மட்டும் சொன்னார்.

“காளியம்மா திரும்பி வந்து, பண்ணை வீட்டு டிவியில வெளையாடிக்கிட்டு இருக்கான், வரமாட்டேங்கறான்னு சொன்னா. எனக்கு நெஞ்சு வெடிச்சிருச்சு. அந்த மனுசனுக்கு அப்ப கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. ‘வெளையாடட்டும் விடு’ன்னு சொல்லுச்சு. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. அதுக்கப்பறம் பேச்சு இல்ல.” கிழவி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டது. “அந்த வீட்டுல தம்புள்ளைக்கு வெளையாடக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருக்கு.”

வளவன் அம்மாவின் பக்கம் திரும்பினார். “அப்பா அப்படிச் சொன்னாரா? இத்தனை வருசமா இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா.”

“எதுக்குச் சொல்லணும்? சொன்னா ஒனக்கு மனசு ஆறிப்போயிரும்.”

“இப்ப ஏன் சொல்ற?”

“இப்ப ஆறாது” என்று சொல்லிவிட்டுக் கிழவி காரை நோக்கி நடந்தது.

எனக்கு அந்தக் கிழவியின் மேலும் கோபம் வந்தது, என் புருஷன் மேல் வந்ததற்குக் குறையாமல். பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒருத்தி செய்வாளா என்று நினைத்தேன். வரப்பில் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தானே என்றும் நினைத்தேன். இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

வளவன் கன்ட்ரோலரின் ஒயரை ஒழுங்காகச் சுற்றி ஜன்னல் கட்டையில் வைத்தார். “வர்றேங்க்கா” என்று என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டார். டீ டம்ளர் அடுப்படி மேடையில் அப்படியே ஆடை கட்டிப்போய் இருந்தது.

கார் தெருமுனை தாண்டுவதற்குள் என் புருஷன் கேட்டார். “ரெக்கார்ட் ஆச்சா?”

“இதப் போடாதீங்க.”

“ஆச்சா இல்லையா?”

பிடுங்கிப் பார்த்தார். மறுநாளே வீடியோ வந்துவிட்டது. வளவன் கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்க்கிற முகத்தைப் பெரிதாக்கி அட்டைப்படமாகப் போட்டிருந்தார். செல்லதுரை இல்லை, காளியம்மாள் இல்லை, கிழவி பேசியது எதுவும் இல்லை. “வெளியிலேர்ந்து பேசினதால வாய்ஸ் சரியா விழல, வெட்டிட்டேன்” என்றார். வீடியோ என்னவோ ஓடு ஓடு என்று ஓடியது. நானும் என் தம்பியை இப்படித்தான் ஏமாற்றினேன் என்று உலகத்தில் இருக்கிற அண்ணன்மார்கள் எல்லாம் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவருக்கும் அந்த முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லை. எடுத்துவிடுங்கள் என்று சண்டை போட்டேன், கெஞ்சினேன், சோறு போட மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். குடவாசலுக்குப் போய்ப் பரோட்டா தின்றுவிட்டு, எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் வளவன் என் நம்பருக்குக் கூப்பிட்டார். நான் கொல்லைக் கதவருகில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எடுத்தவுடன் நான்தான் பேசினேன். “அந்த வீடியோவ எடுக்கச் சொல்லி நானும் எவ்வளவோ—”

“அது கெடக்கட்டும்க்கா. நான் அதுக்குக் கூப்பிடல. முழுசா எடுத்தது உங்ககிட்ட இருக்குமா? வெட்டாம?”

“எதுக்குங்க?”

“அம்மா கடைசியில பேசினாங்கல்ல, அது மட்டும் வேணும். சத்தம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, நான் கூட்டிக்கிறேன்.” என்றார். “அவங்ககிட்ட மறுபடி கேட்டேன். அப்பா அப்படிச் சொன்னாராம்மா, இன்னொரு தடவை சொல்லேன்னு. நான் எப்பச் சொன்னேன், அப்படி எதுவும் சொல்லலையேங்கறாங்க. ஒங்கப்பன் ஒண்ணும் சொல்லாமத்தான் செத்தான்னு சொல்லிட்டாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு, நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு.”

இருங்க என்று சொல்லிவிட்டு மொபைலில் தேடினேன். படங்கள், கோவில் திருவிழா, யாருடைய வளைகாப்போ, எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீடியோவைப் போட்ட அன்றைக்கே, இடம் அடைக்கிறது என்று என் புருஷன் என் மொபைலை எடுத்து, வளவன் வந்தபோது எடுத்ததை முழுவதும் அழித்தார். லேப்டாப்பிலும் வெட்டியதைத்தான் வைத்திருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், தடுக்கத் தோன்றவில்லை.

“இல்லைங்க, அழிச்சுட்டாரு” என்று சொன்னேன்.

பிறகு கேட்டார். “நீங்க அங்கதான நின்னீங்க. நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“எப்படிச் சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க.”

ஒரு வார்த்தை கூடக் கூடாது, குறையவும் கூடாது என்று நிதானித்துச் சொன்னேன். “‘வெளையாடட்டும் விடு’ன்னு உங்கப்பா சொன்னதா சொன்னாங்க. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சுன்னாங்க.”

“சிரிச்ச மாதிரின்னும் சொன்னாங்களா?”

“சொன்னாங்க. நான் கேட்டேன். நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் சொல்லுவேன். உங்கம்மா முன்னாடி வந்து சொல்லச் சொன்னாலும் வந்து சொல்லுவேன்.”

“வேணாம்க்கா. எனக்குத் தெரிஞ்சாப் போதும்.” என்றார். “அப்பாவுக்காவது நான் நெசமாவே வெளையாடிக்கிட்டு இருந்தேன்.”

மடித்த துணியையே மறுபடி மடித்தேன். அவரும் போனை வைக்கவில்லை. எங்கள் ஹாலிலிருந்து பூச்சி கேமின் சத்தம் கீச்சுக் கீச்சென்று வந்துகொண்டிருந்தது. அது அவருக்கும் கேட்டிருக்கிறது.

“அண்ணன் வெளையாடுறாரா?” என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். என் புருஷன் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கன்ட்ரோலர் இரண்டும் தரையில் கிடந்தன. டிவியில் ப்ளேன் தானாகவே இடமும் வலமும் போய் மருந்து அடித்துக்கொண்டிருந்தது.

“ஆமாங்க” என்றேன். “வெளையாடிக்கிட்டு இருக்காரு.”